கரண்ட் பிடிக்கும் சம்மாட்டி

மனித குலத்தில் மெஷின் பக்தர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. வயர் இருந்தால் நம்புவார். வியர்வை என்றால் காது கேட்காது. நல்ல உருப்படி ஒன்றைப் பார்க்க வேண்டுமா? புத்தளத்துக்குப் பக்கத்தில் உடப்புக் கடற்கரைக்கு வாருங்கள். கரைவலைக்குச் சொந்தக்காரர், ஆள் வைத்து இழுப்பிக்கும் சம்மாட்டி மார்க்கண்டுவைக் காட்டுகிறேன்.

அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நாற்பது வருஷம் சுவாமிக்குப் பின்னால் வீதி சுற்றியவர், போன திருவிழாவில் வாசலில் கதிரை போட்டுக் கும்பிட்டார். சுவாமி பார்த்ததோ இல்லையோ, ஊர் பார்த்துவிட்டது. இந்த வருஷம் நடந்தே தீருவதென்று புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் பிடிக்கப் போனார். முழங்காலைச் சுற்றி ஒரு காந்த வளையம், 'ம்ம்ம்' என்றொரு சத்தம், அரை மணி நேரம். சுகம்! பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், மீன் வாங்க வந்தவர், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தவர் என்று ஒருவரையும் விடாமல், காந்தம் எலும்புக்குள் நுழையும் விதத்தைத் தானே கண்டுபிடித்தவர் போல விளக்கினார்.

மெஷின் வைக்கும் நிஃப்லா மிஸ் மட்டும் மயங்கவில்லை.

"மெஷின் துணைக்குத்தான் ஐயா. வீட்டுல காலை நீட்டி மடக்கிற பயிற்சி நடக்குதா?"

"ஓம் பிள்ளை. காலையில இருபது, பின்னேரம் இருபது. ஒருநாளும் தவறேல்ல."

பொய்யா? இல்லை. முப்பது வருஷம் வலையை இழுத்தது ஆட்கள். மணலில் நின்று சத்தம் போட்டது மார்க்கண்டு. யார் இழுத்தது என்று கேட்டுப் பாருங்கள், "நான்தான்" என்பார். வீட்டிலும் அதே தொழில்முறை. மனைவி சரோஜாதேவியைப் பாயில் இருத்திக் காலை நீட்டச் சொல்லிவிட்டு, இவர் சாய்மனைக் கதிரையில் கிடந்து எண்ணுவார்.

"பதினெட்டு... முழங்கால் மடங்குது! திரும்ப நீட்டு."

"முழங்கால் நோ எனக்கோ, உங்களுக்கோ?"

"முதல்ல நீ சரியாப் பழகு."

ஆறு கிழமை கழிந்தது. கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழும்பச் சொன்னார் நிஃப்லா. புருவம் இரண்டும் எழும்பின, ஆள் எழும்பவில்லை. துணைக்கு வந்திருந்த சரோஜாதேவி படக்கென்று எழுந்து கை கொடுத்தார்.

"மெஷின் பழசு போல," என்றார் சம்மாட்டி.

திருவிழாவன்று சரோஜாதேவி சுவாமிக்குப் பின்னால் நாலு வீதியும் சுற்றினார். வாசலைக் கடக்கும்போது, அங்கே கதிரையில் இருந்த மார்க்கண்டுவிடம், "வாறன், கவனமா இருங்கோ," என்றார்.

"பாத்தீரே? எல்லாம் நான் குடுத்த பயிற்சி," என்று பக்கத்து ஆளிடம் சொன்னார் மார்க்கண்டு. சொல்லும்போது கை முழங்காலைப் பிடித்திருந்தது. கண் கூட்டத்தோடு போய்விட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். டொக்டர் உங்களுக்கு எழுதித் தந்த பயிற்சித் தாள் எங்கே? அலுமாரியிலா? எடுத்து வரச் சொல்லி வீட்டில் யாரையும் கூப்பிடாதீர்கள்.

நீங்களே எழும்புங்கள், பார்ப்போம்.