கசிமிரோ யாரையும் சார்ந்தவரல்ல

"இந்தச் சொல்லை அடிச்சிரும்மா" என்று பெரியவர் கசிமிரோ கைத்தடியால் மேசையைத் தட்டினார்.

எலாதியா தெருவேல் நகரில் அரசு முத்திரை பெற்ற மொழிபெயர்ப்பாளர். அவள் முன்னால் இருந்தது அவருடைய மகள் நியேவெஸின் வருமான வரித் தாள். செவிலியான நியேவெஸுக்கு அயர்லாந்து மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது; அங்கே அனுப்பவென்று தாளைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டிருந்தாள். தகப்பனைத் தனியே விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. ஊரை விட்டு நகர அவருக்கு மனமில்லை. அவளைச் சார்ந்த மூத்தோர் யார் என்ற கட்டத்தில் அவர் பெயர் இருந்தது. எலாதியா அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

"எண்பத்தாறு வயசுல என் பூட்ஸ் கயித்த நானே கட்டுறேன். நான் யாரைச் சார்ந்திருக்கேன்?"

"வரித்துறை அப்படித்தான் சொல்லுது, ஐயா."

"வரித்துறைக்கு எங்க வம்சத்தப் பத்தி என்ன தெரியும்? நான் அங்க வரப்போறதில்ல. ஆனா என் பேரு இப்படிக் கடல் தாண்டக் கூடாது!"

தெருவேலின் கோபுரங்களில் ஒன்று இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது எலாதியாவுக்கு. 'யாரையும் சாராதவர்' என்று திருத்தி, பயபக்தியோடு முத்திரை குத்தினாள்.

மூன்றாம் நாள் மருத்துவமனையின் பதிலோடு வந்தார். எலாதியா படித்துச் சொன்னாள்.

"'யாரையும் சாராதவர், நாங்கள் மகளுக்குத் தரும் வீட்டில் விருந்தாளியாக ஏழு நாள் மட்டும் தங்கலாம்.'"

"விருந்தாளியா! பெத்த மக வீட்டுலயா!"

எலாதியா உடனே 'குடும்பத் தலைவர்' என்று மாற்றினாள்.

அடுத்த பதில் இன்னும் மோசம்: "'வீடு தலைவர் பெயரில்தான். அவர் வந்து சாவி வாங்காவிட்டால் மகளுக்கும் இடமில்லை.'"

ஒரு சொல்லை மாற்றப் போய், ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைத்துவிட்டோமே என்று எலாதியா முத்திரையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

கசிமிரோ மெல்ல எழுந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"தலைவன்னு எழுதிட்டுத் தலைவன் போகலன்னா, நாளைக்கு எவனும் நாக்குமேல பல்லப் போட்டுப் பேசுவான். எழுதும்மா. கசிமிரோ வர்றான். மகளையும் கூட்டிட்டு வர்றான்."

அவர் படியிறங்கும் வரை எலாதியா எழுந்தே நின்றாள்.

மாலையில் நியேவெஸ் கூலி கொடுக்க வந்தாள்.

"மன்னிச்சிரும்மா" என்றாள் எலாதியா. "என் திருத்தத்தால மருத்துவமனை உங்கள ரொம்பப் படுத்திருச்சு."

"மருத்துவமனை இந்தத் தாளையே கேக்கலக்கா. அந்த ரெண்டு பதிலையும் எழுதினது நான்தான்."