சாகாவரம் பெற்ற பெல்ட்

சாவை வெல்ல வேண்டும் என்று மனித குலம் எவ்வளவோ தலைகீழாக நின்று பார்த்திருக்கிறது. தவம் செய்தார்கள், மூலிகை தின்றார்கள், சோதனைச்சாலை கட்டினார்கள். கடைசியில் அதைச் சாதித்தது எங்கள் மலை மீட்பு நிலையம்தான் என்பதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். சாகாவரம் கிடைத்தது மனிதருக்கு அல்ல, ஒரு பெல்ட்டுக்கு. எதற்கும் ஒரு தொடக்கம் வேண்டாமா?

எங்கள் நிலையத்தில் நாலு சக்கர மலை வண்டி ஒன்று இருக்கிறது. மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடி, டிராக்டர் போலத் தடித்த சக்கரம். பாறை, சேறு, மணல் எதையும் பார்க்காமல் ஏறும். மலைமேல் யாராவது விழுந்து கிடந்தால் போய் ஏற்றிக்கொண்டு வருவதற்காக வாங்கியது. இன்ஜின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் பெல்ட். ஓட ஓடத் தேயும், ஒருநாள் அறுந்துபோகும், வேறு மாட்ட வேண்டும். விஷயம் இவ்வளவுதான் என்று சாதாரண மூளைக்குத் தோன்றும்.

தலைமை அலுவலகத்து மூளை சாதாரணமானதல்ல. வண்டியை நன்றாகக் கையாண்டால் பெல்ட் நீண்ட நாள் உழைக்கும் என்று அங்கே யாரோ எங்கேயோ படித்துவிட்டார். உடனே சுற்றறிக்கை வந்தது. எந்த நிலையத்தின் பெல்ட் அதிக நாள் உழைக்கிறதோ, அதுவே 'தலைசிறந்த நிலையம்'. எத்தனை பேரைக் காப்பாற்றினோம் என்று இனிமேல் எழுதி அனுப்ப வேண்டியதில்லை. அது மலையில் வழுக்கி விழுகிறவர்களின் திறமையைக் காட்டுமே தவிர ஊழியர்களின் திறமையைக் காட்டாது என்று சுற்றறிக்கை தெளிவாக விளக்கியிருந்தது.

எங்கள் நிலைய அதிகாரி கடமை என்று வந்துவிட்டால் சோறு தண்ணீர் பார்க்காதவர். அன்றைக்கே 'பெல்ட் ஆயுள் நீட்டிப்புக் குழு' அமைத்தார். அவர் தலைவர், உதவி அதிகாரியான நான் செயலாளர், மெக்கானிக் உறுப்பினர். முதல் கூட்டத்தில் அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார். பெல்ட்டின் விரோதிகள் யார் யார் என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

மெக்கானிக் பாவம், கேட்டதற்கு உண்மையைச் சொல்லும் பழக்கம் உள்ளவர். சூடு ஆகாது என்றார். பெல்ட் இருக்கும் கூட்டுக்குள் தண்ணீர் போனால் வழுக்கும் என்றார். பெரிய பாரம் ஆகாது, செங்குத்தான ஏற்றம் ஆகாது, ஒரேயடியாக விரட்டினாலும் ஆகாது என்றார். வெயிலில் போகாதே, மழையில் போகாதே, ஆளை ஏற்றாதே, மலை ஏறாதே, வேகமாகப் போகாதே என்று நான் வரிசையாகத் தீர்மானம் எழுதினேன்.

"அப்ப சமதரையில மெதுவா ஓட்டலாம்ல?" என்றார் அதிகாரி.

"மெதுவா இழுத்தாலும் பெல்ட் ஒரே இடத்துல உரசிக் கருகும் சார்."

"சரி, ஓட்டவே வேணாம். நிறுத்தி வைப்போம்."

"மாசக்கணக்கா நிறுத்தி வச்சா பெல்ட் மடங்கின இடத்துலயே வளைஞ்சு போயிடும் சார்."

அதிகாரி கண்ணை மூடி யோசித்தார். பெரிய கண்டுபிடிப்புகள் நிகழும்போது அறையில் ஓர் அமைதி வரும் என்பார்கள். எங்களுக்கும் வந்தது. பெல்ட்டுக்கு மிகப் பெரிய விரோதி வண்டிதான் என்று அவர் கண்டுபிடித்தார்.

பெல்ட்டை வண்டியிலிருந்து கழற்றினோம். அதிகாரியின் அறையில்தான் ஏசி இருந்தது என்பதால் அங்கே வழவழப்பான மரக்கொக்கி அடித்து மாட்டினோம். அவர் அடிக்கடி கதவைத் திறந்து போய்வந்தால் குளிர்ச்சி வெளியேறிவிடும் அல்லவா? ஆகவே தன் மேஜையை வராந்தாவுக்கு மாற்றிக்கொண்டார். வியர்வை வழிய வழிய அங்கே உட்கார்ந்து கோப்பு பார்த்தார். தலைமைப் பண்பு என்றால் அது.

இப்படி நிலையம் புகழின் உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் மைத்துனன் குறுக்கே விழுந்தான். என் மனைவியின் தம்பி. மலையுச்சியில் இருக்கும் செல்போன் டவரில் ஏறிப் பழுது பார்ப்பது அவன் தொழில். ஒருநாள் காலையில் ஏணியிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டான். கூட வேலை செய்தவன் போன் செய்தான். அடுத்த நிமிடம் என் மனைவி செய்தாள்.

"என்னங்க, வண்டி கிளம்பியாச்சா?"

அவசரக் கூட்டம் கூட்டியிருக்கிறோம் என்று பெருமையோடு சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

கூட்டத்தில் மெக்கானிக் பெல்ட்டை மாட்டலாம் என்று பொறுப்பில்லாமல் பேசினார். விருது அறிவிக்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அதிகாரி விதியை எடுத்துப் படித்தார். விபத்து நடந்த இடத்துக்கு வண்டி போய்ச் சேர வேண்டும் என்றிருந்தது. ஓடிப் போய்ச் சேர வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நிலைய ஊழியர்கள் எட்டுப் பேர் வண்டிக்கு அடியில் மூங்கில் கொடுத்துத் தோளில் தூக்கினார்கள். நான் முன்னால் நடந்து வழி விடச் சொன்னேன். வழியில் யாரும் இல்லை, இருந்தாலும் மரியாதை மரியாதைதான்.

நாங்கள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்துவிட்டது. மைத்துனன் ஒரு பாறை நிழலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். முகம் வெளுத்திருந்தது. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் சீருடையில் இருந்தேன்.

"மாமா, வண்டி வந்துச்சா?"

"வந்துடுச்சு மாப்ள."

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். எட்டுப் பேர் தோளில் வண்டி உட்கார்ந்திருந்தது. மறுபடியும் தலையைச் சாய்த்துக்கொண்டான். வலி அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்து ஒரு சிக்கல். எட்டுப் பேரால் ஒன்று வண்டியைத் தூக்க முடியும், இல்லையென்றால் ஆளைத் தூக்க முடியும். வண்டியை இங்கேயே விட்டுவிட்டு ஆளைக் கொண்டு வரலாமா என்று அதிகாரிக்குப் போன் செய்து கேட்டேன்.

"அலுவலகச் சொத்தை அம்போன்னு விட்டுட்டு வர முடியாதுய்யா."

"அப்ப ஆளை சார்?"

"அவர் அலுவலகச் சொத்து இல்லையே."

இதில் எதிர்வாதம் செய்ய இடமே இல்லை. முடிவில் மைத்துனனை வண்டிமேல் உட்கார வைத்து, பின்னால் கயிறு கட்டி, எட்டுப் பேரும் இழுத்துப் பிடித்தபடி உருட்டிக்கொண்டே இறங்கினோம். கிளம்பிய அவசரத்தில் ஓட்டுநர் உரிமத்தை எங்களில் யாரும் எடுத்து வராததால் கைப்பிடியையும் பிரேக்கையும் அவனையே பிடித்துக்கொள்ளச் சொன்னோம். மீட்கப்படுகிறவருக்கும் மீட்பில் பங்கு தருவது நவீன முறை.

மருத்துவமனையில் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குள் கொண்டு வந்திருந்தால் முழங்காலைச் சரி பண்ணியிருக்கலாம் என்றார். இனி அது மடங்காதாம். டவர் ஏறும் வேலையை மறந்துவிட வேண்டியதுதானாம். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க பெல்ட் நல்லா இருக்கா?"

"அதுக்கு ஒரு குறையும் இல்ல" என்றேன். அக்கறையாக விசாரிக்கிறாளே என்று சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் பேசவில்லை.

எதிர்பார்த்தபடியே விருது எங்களுக்குத்தான். பெரிய பித்தளைக் கேடயம். அதிகாரி பெருந்தன்மையான மனிதர். கால் போன மைத்துனனைக் கைவிடவில்லை. கால் தேவைப்படாத ஒரு வேலையை அவனுக்காகவே உருவாக்கினார். 'பெல்ட் காப்பாளர்.' ஏசி அறையில் பெல்ட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தொடக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்ததால் அவன் ஒப்புக்கொண்டான். அந்தப் பெல்ட்டை அவன் பார்த்த பார்வையில் அப்படி ஓர் ஈடுபாடு தெரிந்தது.

பிறகு அதிகாரிக்கு ஓர் ஆசை வந்தது. மலையுச்சியில் நின்று கேடயத்தோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அதைத் தலைமை அலுவலக வரவேற்பறையில் மாட்டுவார்கள். தன்னந்தனியாக நடந்தே ஏறினார். பித்தளை கனமான உலோகம். உச்சிக்குப் போனதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் போன் வந்தது.

"வண்டியை அனுப்புய்யா."

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"தூக்கிக்கிட்டு வரச் சொல்லவா சார், ஓட்டிக்கிட்டு வரச் சொல்லவா?"

மறுமுனையில் வெறும் மூச்சு இரைப்பு மட்டும் கேட்டது. அதிகாரிக்குள் கொள்கைக்கும் நெஞ்சுவலிக்கும் நடந்த போராட்டம் என்று புரிந்துகொண்டேன். எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்று போனைக் காதில் வைத்தபடி நெடுநேரம் காத்திருந்தேன். அதற்குள் கொட்டகையில் இன்ஜின் உறுமியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏசி அறையில் கொக்கி காலியாக இருந்தது; நான் போனில் பேசியது உள்ளே கேட்டிருக்கிறது. கொட்டகையில் மெக்கானிக் கையில் ஸ்பானரோடு நின்றார். மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு என் மைத்துனன் வண்டியில் உட்கார்ந்திருந்தான். அதை ஓட்டக் கை போதும், முடுக்குவதும் நிறுத்துவதும் கைப்பிடியில்தான்.

"மாப்ள, பெல்ட் தேஞ்சிடும்" என்றேன்.

"தேயட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான்.

நாங்கள் அரை நாள் ஏறிய மலையை அவன் அரைமணியில் ஏறினான். அதிகாரியை முன்னால் சாய்த்துக் கட்டிக்கொண்டு அப்படியே இறங்கி மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். காலைப் பார்த்த அதே மருத்துவமனை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள்.

மறுநாள் நான் போனபோது அதிகாரி கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முதல் கேள்வியே பெல்ட்டைப் பற்றித்தான். ஓரத்தில் லேசாகத் தேய்ந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார். கண் கலங்கியது. விருதைத் திருப்பிக் கொடுக்க நேரிடும் என்றார். யாராவது இதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றார்.

என் மைத்துனனை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவை எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. உறவு என்று பார்க்காமல் எழுதினேன். குற்றம் ஒரே வரிதான்: 'நிலையத்தின் பெல்ட்டை, அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே பயன்படுத்தி, ஓர் உயிரைக் காப்பாற்றியது.'

கீழே அந்த உயிரே கையெழுத்துப் போட்டது.