துல்லியானந்தர் விளையாடுகிறார்

"இடப்பக்கம் நல்லாருக்கா, வலப்பக்கம் நல்லாருக்கா?"

சித்தப்பா கேட்டார். டிவியின் நடுவில் ஒரு கோடு. கோட்டின் இரண்டு பக்கமும் அதே கடல், அதே பாறை, அதே படகு. எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான்: ஒன்று இடது, மற்றது வலது. கண் டாக்டர்கூடக் கண்ணாடியை மாற்றிப் போட்டுவிட்டு இவ்வளவு ஆவலாக நம் வாயைப் பார்க்கமாட்டார்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேம் கன்சோல் வாங்குவார், விளையாடமாட்டார். சுவரை அடைத்து டிவி மாட்டுவார், படம் பார்க்கமாட்டார். படம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பார். இவர்களுக்குத் துல்லியானந்தர்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் சித்தி வீட்டு மாடி அறையில் தங்கியிருந்த மாதங்களில், ஒரு துல்லியானந்தரை மிக அருகில் இருந்து கவனிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

இவர்களுக்கென்றே வந்து சேர்ந்தது ஏஐ அப்ஸ்கேலிங். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கன்சோல் சற்று மங்கலாகத்தான் படம் வரைகிறது. ஏஐ அதை வாங்கி, விட்டுப்போன புள்ளிகளைத் தானே ஊகித்து நிரப்பி, பெரிய திரைக்கு ஏற்றபடி கூராக்கித் தருகிறது. நல்ல விஷயம்தான். கத்தி தீட்டுவதும் நல்ல விஷயம்தான். ஆனால் நாள் முழுக்கத் தீட்டிக்கொண்டே இருந்தால் காய் நறுக்குவது எப்போது?

துல்லியானந்தர் அலுவலகத்திலிருந்து வந்ததும் திரைச்சீலைகளை இழுத்து மூடுவார், மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் டிவியைத் துடைப்பார், நாற்காலியை மூக்கு முட்டுமளவு முன்னால் இழுப்பார், பிறகு சுவர் முட்டுமளவு பின்னால் தள்ளுவார், அமைப்புகளுக்குள் நுழைந்து அப்ஸ்கேலிங்கை அணைப்பார், போடுவார், அணைப்பார், போடுவார், கடைசியில் கதாநாயகியைக் கொண்டுபோய்த் தண்டனை வாங்கிய பிள்ளையைப் போலச் சுவரைப் பார்க்க நிறுத்திவைத்து, சுவரில் படிந்த பாசியை ரசிப்பார். அவ்வளவுதான் விளையாட்டு.

"சித்தப்பா, பின்னாடி ஒருத்தன் வந்து அவளை அடிக்கிறான்!"

"அடிக்கட்டும்டா. அவன் சட்டையில தையல் தெரியுது பாரு!"

கதாநாயகி செத்து விழுவாள். இவர் முகத்தில் ஒரு துளி வருத்தம்? கிடையாது. விழுந்தபோது எழுந்த தூசி அருமையாக இருந்ததாம்.

வந்தவர் போனவர் யாரும் தப்ப முடியாது. துணி வாங்கிப்போக வந்த தையல்கார அக்காவைப் பிடித்து உட்காரவைத்தார்.

"முடி ஒவ்வொண்ணா தனித்தனியா தெரியுது பாருங்க!"

அக்கா நன்றாகப் பார்த்தார். "ஆமா தம்பி. யாராவது ஒரு சீப்பு குடுத்திருக்கலாம்."

அக்கா போன பிறகு சித்தப்பா பெருமூச்சு விட்டார். "ரசனை கெட்ட ஜனங்கடா!"

இவர்களைப் பற்றி உலகத்துக்குத் தெரியாத ரகசியம் ஒன்று உண்டு. எந்த விளையாட்டிலும் இவர்கள் முதல் காட்சியைத் தாண்டியதில்லை. எதற்குத் தாண்ட வேண்டும்? முதல் காட்சியிலேயே கடல் இருக்கிறது, பாறை இருக்கிறது, பாசி இருக்கிறது. சோதித்துப் பார்க்க அது போதாதா?

அந்த வீட்டில் உண்மையில் விளையாடியவர் சித்தி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். காணாமல்போன தம்பியின் படகைத் தேடிக் கடலில் போகும் ஒரு பெண்ணின் கதை அந்த விளையாட்டு. சித்தப்பா பாசி பார்த்து முடித்த மிச்ச நேரத்தில், துணி மடிப்பதற்கும் சமைப்பதற்கும் இடையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசிக் கட்டம்வரை வந்துவிட்டார்.

"அப்படி என்ன சித்தி இருக்கு இதுல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வார்டுல நான் எதோட முடிவையும் பாக்கிறதில்லடா. டூட்டி முடிஞ்சதும் வந்துடுறேன். மறுநாள் போனா அந்தக் கட்டில்ல வேற ஆள். வீட்டுக்குப் போனாங்களா, என்ன ஆனாங்கன்னு சில நேரம் யாருக்குமே தெரியாது. இந்தப் பொண்ணு தம்பியைக் கண்டுபிடிச்சாளா இல்லையான்னாவது நான் பாக்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாளிலிருந்து சித்திக்கு இரவு ஷிப்ட்; அதற்கு முன் கடைசி ஓய்வுநாள். மத்தியானம் உட்கார்ந்தார். புயல். படகு உடையும்; மறுபடி முதலிலிருந்து. மறுபடி உடையும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி, புயலைக் கடந்தேவிட்டார். தூரத்தில் தம்பியின் படகு விளக்கு தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வார்டிலிருந்து போன். ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனார்.

சித்தப்பா எங்கிருந்துதான் பாய்ந்தாரோ! கையில் கன்ட்ரோலர்.

"புது அப்டேட் வந்திருக்குடா. இந்த மழையை அதுல பாக்கணும். ஆட்டத்தை மூடித் திறந்தாத்தான் வேலை செய்யும்."

"வேணாம் சித்தப்பா, சித்தி பாதியில..."

திரையிலும் ஒரு கேள்வி வந்தது: சேமிக்காதவை அழிந்துவிடும், தொடரவா?

"இது எப்பவும் இப்படித்தான் கேக்கும்" என்று அமுக்கிவிட்டார்.

அந்தக் கட்டத்தின் நடுவில் சேமிக்கவே முடியாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு தூரம் போனவருக்கல்லவா தெரியும்!

சித்தி திரும்பி வந்தபோது புயல் முதலிலிருந்து தொடங்கியிருந்தது.

"பாரேன், ஒவ்வொரு துளியா தெரியுது!" என்றார் சித்தப்பா.

சித்தி துளியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார். "எல்லாம் போச்சாங்க?"

"என்னம்மா போச்சு? இன்னும் நல்லா வந்திருக்கு!"

சித்தி ஒயரைப் பிடுங்கினார், கன்சோலைக் கக்கத்தில் இடுக்கினார், என் அறைக்கு ஏறினார். அங்கே ஒரு பழைய சின்ன டிவி உண்டு. அதில் செய்தி வாசிப்பவர் ஆணா பெண்ணா என்பதைக் குரலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கதவு உள்ளே தாழிடப்பட்டது.

துல்லியானந்தர் படியேறி வந்து கதவைத் தட்டினார். "ஏம்மா, அந்த டப்பாவிலயா பாக்கப்போற? கடல் துணி அலசின தண்ணி மாதிரி தெரியும்மா! சொன்னா கேளும்மா!" பெற்ற பிள்ளையை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பியவர்கூட இப்படித் தவித்திருக்கமாட்டார்.

உள்ளே புயல் அடித்தது. படகு உடைந்தது. மறுபடி அடித்தது. மறுபடி. வெளிச்சம் மங்கும் நேரத்தில் சத்தம் அடங்கியது. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

சித்தியின் கண்கள் சிவந்து, கன்னம் ஈரமாக இருந்தது. தம்பி கிடைத்தானா இல்லையா, நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

துல்லியானந்தர் அந்த முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன். மங்கலான படம் பாத்தா கண்ணு இப்படித்தான் ஆகும்!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தீர்களா? பின்னணியைக் கறுப்பாக்கினால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று நினைத்தீர்களா? அப்படியானால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் எதையோ முடிக்கக் காத்திருக்கலாம்.

உங்களுக்குத் தெரிந்த துல்லியானந்தர்களுக்கும், அவர்களோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கும் இதை அனுப்பிவையுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அப்படியே அனுப்புங்கள். ஏஐயிடம் கொடுத்து மெருகேற்ற வேண்டாம்.