பார்வைக்கு வைத்த கீரை

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் பூ பூக்கும், அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வருவார்கள். எங்களுக்கு அது சீசன். அலுவலகங்களுக்கு அது வசந்த காலம். வசந்தம் வந்துவிட்டால் ஏதாவது ஒரு திட்டத்தைத் தொடங்கி வைக்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. இந்த வருடம் எங்கள் ஆரோக்கியம் மாட்டிக்கொண்டது.

வட்டகொடைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலம் உண்டு. பக்கத்துக் காம்பரா ஜெயந்தினி தன் துண்டில் பொன்னாங்காணியும் வல்லாரையும் தளதளவென்று வளர்த்திருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். ரத்தம் ஊறக் கொடுத்து விழுங்கிய குளிசையெல்லாம் வாந்தியாக வந்தது.

"ரத்தம் ரொம்பக் கொறவா இருக்கு. தெனம் கீரை சாப்பிடுங்க. இப்படியே போனா பிரசவத்துல ஆபத்து," என்று மருத்துவிச்சி நிஷாந்தி மிஸ் சொல்லியிருந்தார்.

அந்த வாரமே நலன்புரி உத்தியோகத்தர் விஜேந்திரன் எழுந்தருளி, 'வசந்தகால ஆரோக்கிய வீட்டுத்தோட்ட முன்னோடித் திட்டத்தின்' முன்மாதிரியாக அவளுடைய கீரைப் பாத்தியைத் தெரிவு செய்தார். வேலி கட்டினார்கள், பதாகை தொங்கியது, ரிப்பன் வெட்டினார்கள். நாங்கள் கைதட்டிவிட்டு வேலியோரம் நின்று போட்டோ பிடித்து முகநூலில் போட்டோம்.

மறுநாள் ஜெயந்தினி வேலிக்குள் கையை விட்டாள். விஜேந்திரன் பதறிப்போனார்.

"என்னம்மா செய்றீங்க?"

"கறிக்குக் கொஞ்சம் கீரை கிள்ளுறேங்க ஐயா."

"இது கீரை இல்லம்மா, முன்மாதிரி. மேலிடத்துல இருந்து கமிட்டி வர்ற வரைக்கும் ஒரு எல கொறையக் கூடாது."

"சாப்பிடத்தானேங்க நட்டேன். மிஸ்ஸும் சாப்பிடச் சொல்லியிருக்காங்க."

"அதையேதான் நாங்களும் சொல்றோம். கீரை சாப்பிடணும்னு மக்களுக்கு விளக்கத்தான் இதப் பாதுகாக்குறோம்."

அவளுக்குப் பேர் வந்ததைப் பார்த்து லயம் முழுக்க வேலி முளைத்தது. முதல் பரிசு அவளுக்கே என்று விட்டுவிட்டு, கமிட்டி கொடுக்கப்போகும் இரண்டாம் பரிசை நம்பி ஒருவரும் இலையைத் தொடவில்லை. ஒரு பிடி கேட்டுப் போன ஜெயந்தினியிடம், "கமிட்டி வந்துட்டுப் போகட்டும் புள்ள," என்றாள் கடைசிக் காம்பரா காளியாயி அக்கா. வாங்கலாம் என்றால் டவுனில் சீசன் கூட்டத்துக்கே கீரை போதவில்லை.

தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஒரு வழியாகக் கமிட்டி வந்தது. கீரை முற்றிப் பூத்து வேலிக்கு மேலே நின்றது. 'அபார வளர்ச்சி' என்று பாராட்டினார்கள். பிறகு திட்டத்தின் பலனை அளக்க எல்லோருக்கும் ரத்தம் பரிசோதித்தார்கள். இருப்பதிலேயே குறைந்த ரத்தம் ஜெயந்தினிக்கு.

கமிட்டி ஆழ்ந்து யோசித்தது. சிறந்த கீரை இருக்கும் வீட்டில் ரத்தம் மிகக் குறைவு என்றால், ரத்தத்தைக் குறைப்பது கீரைதான்.

"நான் ஒரு எலகூடச் சாப்பிடலைங்க," என்றாள் ஜெயந்தினி.

"பக்கத்துல இருந்ததுக்கே இப்படின்னா, சாப்பிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார் விஜேந்திரன்.

நிஷாந்தி மிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கமிட்டியில் இல்லாததால் அது பேச்சாகக் கணக்கில் வரவில்லை.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டில் கீரைத் தடை அறிவிக்கப்பட்டது. "எனக்கு அப்பவே சந்தேகம்தான்," என்றாள் காளியாயி அக்கா. அன்றே எல்லோரும் கீரையைப் பிடுங்கி ஓடைக்கரையில் வீசிவிட்டுப் பூச்செடி நட்டோம். பொன்னாங்காணி வீசிய இடத்தில் வேர்விடுகிற சாதி. அன்று முதல் தினமும் பொழுது சாய்ந்ததும் ஜெயந்தினி அங்கே போய் மடி நிறையக் கிள்ளி வந்தாள்.

அடுத்த பரிசோதனையில் அவளுக்கு ரத்தம் ஏறியிருந்தது. விஜேந்திரன் பூமாலையோடு வந்தார்.

"கீரைய நிறுத்தினதும் எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குங்க ஐயா."

எங்கள் காம்பராச் சுவர்கள் கூரை வரை போகாது. அன்று அவள் புருஷன் பிரதாப் கேட்டது எனக்கும் கேட்டது.

"உண்மையச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா ஓடைக்கரையச் சுத்தி வேலி கட்டிருவாங்க."

ஜெயந்தினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்ல சுகம். லயத்தில் மற்றவர்களுக்குத்தான் ரத்தம் குறைந்துகொண்டே போகிறது. யாரோ திருட்டுத்தனமாகக் கீரை தின்கிறார்கள் என்று கண்காணிப்புக் கமிட்டி ஒன்று போட்டிருக்கிறார்கள், அதில் நானும் ஓர் அங்கத்தவன். ரத்தம் குறைந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சட்டியை மோந்து பார்ப்பது எங்கள் பணி. ஜெயந்தினி வீட்டுக்கு மட்டும் நாங்கள் போவதில்லை. அவளுக்குத்தான் ரத்தம் நன்றாக இருக்கிறதே.