மூன்றாவது வால்வு

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்து, சொட்டும் தண்ணீரை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார் பாதுகாப்பு அதிகாரி. தீப்பிடித்தால் என்ன செய்வது, வாயு கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தொழிற்சாலையில் வகுப்பெடுப்பவர். அங்கே இதுவரை எதுவும் பிடித்ததில்லை, கசிந்ததுமில்லை.

"பிளம்பருக்கு போன் பண்ணிட்டேன்" என்றாள் மனைவி. "மேல் மாடியிலதானே இருக்காரு, குளிச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாராம். அதுவரைக்கும் நீங்க எதையும் தொடாதீங்க."

"தொடறேன்னு சொன்னேனா?"

"அப்புறம் ஸ்பேனர் எதுக்கு?"

"சும்மா, ஒரு தைரியத்துக்கு."

அவளுக்குக் கவலை ஹாலைப் பற்றி. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு, போன வாரம்தான் மரத்தரை போட்டிருந்தார்கள். விருந்தாளிகளைக்கூட அதன்மேல் நடக்கவிடாமல் வாசலிலேயே பேசி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அவர் நட்டை அரைச் சுற்று இறுக்கினார். சொட்டு, கோடாக மாறியது. இன்னும் அரைச் சுற்று. குழாய் தனியாகக் கையோடு வந்தது. தண்ணீர் அவர் நெஞ்சில் அடித்தது.

"துணி கொண்டா!"

அடைத்த துணி, போன வேகத்தில் திரும்பி வந்து அவர் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"மெயின் வால்வை மூடணும். அதான் முதல் விதி."

"முதல் விதியை ஏங்க கடைசியில செய்றீங்க?"

அவர் அதற்குள் எழுந்துவிட்டார். மொட்டை மாடிக்கு ஓடினார். அங்கே ஒரே மாதிரி வால்வுகள் வரிசையாக நின்றன. எதிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. தன் வீடு மூன்றாவது மாடி என்பதால் மூன்றாவதைப் பிடித்துத் திருகினார். முழுசாக மூடிய பிறகும் திருகினார். வட்டக் கைப்பிடி கழன்று கையில் வந்தது.

அதை விரலில் சுழற்றிக்கொண்டே இறங்கி வந்தார்.

"மூடியாச்சு. இனி எவன் நினைச்சாலும் திறக்க முடியாது."

"அப்ப இது எங்கேருந்து வருது?"

"குழாய்ல இருக்கிற மிச்சத் தண்ணி. வடிஞ்சிடும்."

மிச்சம் வடிவதாக இல்லை. அவள் பீரோவிலிருந்த போர்வைகளை அள்ளி ஹால் வாசலில் அணை கட்டினாள். தலையணைகளும் போயின. அவர் அணையின் உறுதியைச் சோதிப்பதற்காகக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார்.

முதல் பலகையின் இடுக்கில் தண்ணீர் இறங்கியது. அவள் குனிந்து புடவைத் தலைப்பால் அதை ஒற்றினாள். அவர் போனை எடுத்து பிளம்பரை அழைத்துப் பார்த்தார்.

"இந்த பிளம்பரைப் பார்த்தியா? போனையும் எடுக்கல. அஞ்சு நிமிஷமாம். அவசரம்னா என்னன்னே தெரியாத ஜனங்க. இவங்களுக்கெல்லாம் நான் ஒரு வகுப்பு எடுக்கணும்."

அழைப்பு மணி அடித்தது. இருவரும் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடினார்கள்.

வாசலில் பிளம்பர் இல்லை. காலி வாளியோடு பிளம்பரின் மனைவி நின்றிருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா, ஒரு வாளி தண்ணி கிடைக்குமா? உங்க வீட்டுக்கு வரணுமேன்னு அவசர அவசரமாத்தான் குளிச்சிட்டிருந்தாரு. தலையெல்லாம் சோப்பு, கண்ணைத் திறக்க முடியாம நிக்கறாரு. மாடியில போய்ப் பார்த்தா, எவனோ எங்க வால்வை மூடி, கைப்பிடியையும் கழட்டிட்டுப் போயிருக்கான்."