தைப்பொங்கலன்று ஒரு கருவாடு

காதலில் தோற்றவன் தாடி வளர்க்கலாம். கருவாட்டால் தோற்றவன் என்ன செய்வது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

என்னை ஏழு பெண் வீட்டார் வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஆறு பேர் சாதகம் பொருந்தவில்லை என்று நாகரிகமாகச் சொல்லி அனுப்பினார்கள். (ஆறும் பொருந்தாமல் போக நான் என்ன, கிரகமே இல்லாத வானத்துக்குக் கீழேயா பிறந்தேன்?) ஏழாவது வீட்டார் மட்டும் உண்மையான காரணத்தைச் சொன்னார்கள். அந்த நேர்மைக்காக அவர்களை இன்றும் மதிக்கிறேன். ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன். அன்றும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு முப்பத்து மூன்று வயது. தலைமுடி இருபத்தெட்டிலேயே விடைபெறத் தொடங்கியிருந்தது. லண்டன் நோர்பரியில் அக்கா வீட்டு மாடியில், கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத ஓர் அறையில் இருந்தேன். வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். (ஊருக்கு எழுதிய கடிதங்களில் அது 'ஆஸ்பத்திரி நிர்வாகம்'.)

அந்த இல்லத்தின் சமையலறையில் லூர்தஸ் அக்கா இருந்தார். பிலிப்பீன்காரர். ஐந்தடி உயரம்கூட இல்லை, ஆனால் அவர் குரலுக்கு மனேஜரே எழுந்து நிற்பார். இல்லத்துக் கிழவர்களுக்கு அவித்த கிழங்கு, அவித்த காரட், அவித்த மீன் என்று எல்லாவற்றையும் அவித்துக் கொடுத்துவிட்டு, தன்னுடைய சாப்பாட்டை மட்டும் வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவருவார். முதல் நாள் அவர் அதைத் திறந்தபோது உள்ளிப்பூண்டும் வினாகிரியும் சோயா சோஸும் சேர்ந்து வந்த மணத்தில், நான் மடித்துக்கொண்டிருந்த படுக்கை விரிப்பை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். அது அடோபோ என்ற கோழிக்கறி. அடுத்த கிழமை சினிகாங் வந்தது. அது ஒரு புளிச் சாறு. எங்கள் ரசம் படித்து முன்னேறி, மீனும் முள்ளங்கியும் வாங்கிப் போடுகிற வசதிக்கு வந்துவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

லண்டனில் என் முதல் குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது, இரண்டு பஸ் மாறி ஒரு பிளாஸ்கில் இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி கொண்டுவந்து தந்தவரும் அவர்தான். என் சொந்த அக்கா அப்போது லண்டனுக்கு வந்திருக்கவில்லை. எனக்கு இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

ஆனால் என்னைக் கெடுத்தது இவை ஒன்றுமில்லை. சாம்பொராடோ.

ஒட்டுகிற அரிசியைக் குழைய வேகவைத்து, கொக்கோவும் சீனியும் போட்டுக் கிண்டி, மேலே பால் ஊற்றிச் சுடச்சுடத் தருவார்கள். தொட்டுக்கொள்ளப் பொரித்த கருவாடு. ஓம், கருவாடுதான். எங்கள் சூடைக் கருவாட்டின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒன்று. முதலில் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். ஒரு கரண்டி இனிப்பு, ஒரு கடி கருவாடு, திரும்ப ஒரு கரண்டி இனிப்பு. மூன்றாவது கரண்டியில் நான் விழுந்துவிட்டேன். அதன்பிறகு மழை பெய்தால், பனி பெய்தால், சூப்பர்வைசர் ஏசினால் எனக்கு அது வேண்டும். உடம்பு கேட்டால் கொடுத்துவிட வேண்டும், பேரம் பேசக்கூடாது என்பது லூர்தஸ் அக்காவின் வேதாந்தம். கிறிஸ்மஸுக்கு ஊர் போய் வந்தவர், ஆறு கருவாட்டைப் பேப்பரில் சுற்றி எனக்குத் தந்தார். நான் அதை இன்னும் நான்கு பைகளில் சுற்றி, அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கீழே, ஓட்டைக் குடைகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.

இனித் தைப்பொங்கல்.

அன்று பின்னேரம் நான்கு மணிக்கு ஏழாவது பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பெண்ணின் பெயர் வதனி. லூயிஷாமில் வீடு, கவுன்சிலில் வேலை. ஒருமுறை தொலைபேசியில் பேசியிருந்தோம். என்ன வேலை என்று கேட்டாள். 'வயசானவையின்ரை வேட்டி துவைக்கிறன், ஆனா அவை வேட்டி கட்டிறேல்லை' என்றேன். சிரித்தாள். முந்தைய ஆறு பேரில் யாரும் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பை நான் இரண்டு கிழமையாகக் காதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். இது மட்டும் சரிவந்துவிட வேண்டும் என்று, ஒருபோதும் இல்லாமல், நானாகவே நேர்த்தி வைத்திருந்தேன். தகப்பன் சிவபாதம் ஐயா கோயில் நிர்வாக சபையில் இருப்பவர், முட்டைகூடத் தொடாதவர் என்று அக்கா மூன்று தரம் சொன்னாள்.

காலையில் அக்கா பொங்கிப் படைத்தாள். பாதிப் பானைப் புக்கையை (சர்க்கரைப் பொங்கலை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம்) வருகிறவர்களுக்கென்று எடுத்துவைத்துவிட்டு, அவளும் அத்தானும் கோயிலுக்குப் போனார்கள். எனக்கு இரண்டே கட்டளை. முன் அறையைத் துடை. ஒன்றிலும் கை வைக்காதே.

முன் அறையைத் துடைத்தேன். பிறகு சும்மா இருந்தேன். சும்மா இருக்கிறவனுக்குப் பசிக்கும். பயத்தில் இருக்கிறவனுக்கு இன்னும் பசிக்கும். குசினிக்குள் போய்ப் பானையைத் திறந்தேன். குழைந்த அரிசி, சர்க்கரை, தேங்காய்ப் பால். பக்கத்து அலுமாரித் தட்டில் கொக்கோ டின். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். நியூட்டனுக்கு அப்பிள் விழுந்தது போல எனக்கு அந்த டின் விழுந்தது.

ஒரு கோப்பையில் எடுத்துக் கலந்திருக்கலாம். அன்றைய நான் அப்படிச் சின்னதாகச் சிந்திக்கிற ஆள் இல்லை. சமைக்கத் தெரிந்த மாப்பிள்ளை என்று வதனி வியக்கப்போகிறாள் என்று கற்பனை செய்துகொண்டு, ஆறு மேசைக்கரண்டி கொக்கோவைப் பானைக்குள்ளேயே கொட்டிக் கிண்டினேன். பொன்னிறமாக இருந்த புக்கை, குரோய்டன் ரோட்டுக்குப் போடுகிற தார் போல ஆனது. ருசி பார்த்தேன். அருமை. ஆனால் ஏதோ குறைந்தது. என்ன குறைந்தது என்று எனக்குத் தெரியும், குடைகளுக்கும் தெரியும்.

ஒன்றே ஒன்று, இரண்டு நிமிஷம், ஜன்னலைத் திறந்துவிட்டுப் பொரித்தால் யாருக்குத் தெரியும்? பொரித்தேன். புகை எழும்பியது. ஜன்னலைத் திறக்கப் போனேன்.

அங்கேதான் அத்தானின் டபுள் கிளேசிங், அந்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல், குறுக்கே வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் வீடு முழுவதும் போட்டிருந்தார். வருகிற ஆட்களையெல்லாம் ஜன்னலுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், ஒரு துளி காற்று உள்ளே வராது என்று காட்டுவார். வெளியேயும் போகாது என்பதை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. கள்ளருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் பூட்டி, திறப்பைத் தன் சாவிக் கோர்வையில் போட்டு வைத்திருந்தார். கோர்வை அவருடைய இடுப்பில், இடுப்பு கோயிலில்.

பின்கதவைத் திறந்தேன். தை மாதக் காற்று உள்ளே பாய்ந்து, குசினிக்குள் நின்ற மணத்தைக் கழுத்தில் பிடித்து முன் அறைக்குத் தள்ளியது. கதவைச் சாத்தினேன். ஊதுபத்தி ஒரு கட்டைக் கொளுத்தினேன். கக்கூசில் இருந்த எலுமிச்சை வாசனை ஸ்பிரேயை அடித்தேன். மூன்று மணமும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும் என்று எதிர்பார்த்தேன். அவை கூட்டணி அமைத்தன.

அப்போது மணி மூன்றரை. தமிழர் நான்கு மணி என்றால் ஐந்தரைக்கு வருவார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் நான் மேசை விரிப்பால் விசிறிக்கொண்டிருக்கையில் கதவு தட்டப்பட்டது. லண்டன் மாநகரத்திலேயே நேரத்துக்கு முன் வருகிற ஒரே தமிழ்க் குடும்பம் எனக்கென்று வாய்த்திருந்தது. வாசலில் வதனியும் தாய் தகப்பனும், அப்போதுதான் கோயிலால் வந்திறங்கிய அக்காவும் அத்தானும், ஐந்து பேர் நெற்றியிலும் விபூதி.

உள்ளே வந்தார்கள். கோட்டுகளைக் கழற்றிக் கொழுவினார்கள். இருந்தார்கள். யாரும் மூச்சு விடவில்லை. கடைசியில் சிவபாதம் ஐயாதான், விட வேண்டிய வயது என்பதால், மூச்சு விட்டார்.

"ஏதோ மணக்குது, என்ன?"

அத்தான் என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் பொரிந்தேன். ஆனாலும் அவர் என்னைக் காப்பாற்றத்தான் முயன்றார்.

"பக்கத்து வீடு, ஐயா. பிலிப்பீன் சனம். என்னத்தையோ தீய்ச்சுத் தின்னுதுகள். கவுன்சிலுக்கு ஒரு கடிதம் போடத்தான் இருக்கிறன்."

(பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியும் இரண்டு பூனையும்.)

ஐயாவின் முகம் தெளிந்தது. பிலிப்பீன்காரர் என்றால் அப்படித்தான் என்றார். ஊர்வது பறப்பது எதையும் விடமாட்டார்கள், அவர்கள் சமைக்கிற மணம் சுவரில் ஏறிவிட்டால் போகாது, அவர்கள் இருக்கிற தெருவில் வீட்டு விலையே விழுந்துவிடும் என்றார். அக்கா தலையாட்டினாள். அத்தான் இன்னும் வேகமாக ஆட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எதிரில் வதனி இருந்தாள். தொலைபேசியில் கேட்ட குரலுக்குப் பொருத்தமான முகம்.

எனக்கு அந்தப் பிளாஸ்க் ஞாபகம் வந்தது. அதோடு, நான் லண்டனுக்கு வந்த புதிதில் அறை கேட்டுப் போன ஒரு வீட்டுக்காரரும் ஞாபகம் வந்தார். உங்கள் சனத்தின் கறி மணம் சுவரில் ஏறிவிட்டால் போகாது என்று கதவைச் சாத்தியவர். ஐயா சொன்ன அதே வசனம்தான். ஆங்கிலத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

"அது என்ரை கருவாடு," என்றேன்.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன தம்பி?" என்றார் ஐயா.

"பக்கத்து வீடு இல்லை ஐயா. நான்தான் பொரிச்சனான். இஞ்சை, இந்தக் குசினிக்கை."

"தைப்பொங்கல் அண்டைக்கோ?"

"ஓம் ஐயா. புக்கையோடை சாப்பிட."

எழுந்துபோய் ஒரு கோப்பையில் அள்ளி எடுத்துவந்தேன். கறுத்த புக்கை, மேலே அந்தக் கருவாடு. அதை மடியில் வைத்து, அவர் கண் முன்னாலேயே சாப்பிட்டேன். வீரம் என்று இன்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் வாய்க்குள் போனதைவிடப் புதுக் காற்சட்டையில் விழுந்ததுதான் கூட. தாயார் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார். வதனி மட்டும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிப்போடை கருவாடு சரிவருமோ?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டுப் பாத்தாத்தான் தெரியும்," என்று கரண்டியை நீட்டினேன்.

அவள் கை அரை அடி முன்னே வந்தது. சத்தியமாக வந்தது, நான் பார்த்தேன்.

"வதனி," என்றார் தாயார். கை திரும்பிப் போய்விட்டது.

பத்து நிமிஷத்தில் அவர்களும் போய்விட்டார்கள். ஐயாவின் ஒட்டகநிறக் கோட்டை இரண்டு தரம் சலவைக்குக் கொடுத்தும் மணம் போகவில்லையாம். (என்னிடம் தந்திருக்கலாம். அதுதானே என் தொழில்.) தரகர் ஞாயிற்றுக்கிழமை பதிலைக் கொண்டுவந்தார். சாதகம் எல்லாம் பொருத்தம்தானாம், மாப்பிள்ளைதான் கருவாடாம்.

அன்று அவர்கள் போனதும் அத்தான் எழும்பினார். திறப்புக் கோர்வையோடு அறை அறையாகப் போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார். நாங்கள் மூவரும் கோட்டுப் போட்டுக்கொண்டு முன் அறையில் இருந்தோம். அக்கா கொஞ்சம் அழுதாள். பிறகு பானையை மடியில் வைத்து ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டாள். பிறகு இன்னொன்று. "சக்கரை கூடிப்போச்சு," என்றாள்.

திங்கட்கிழமை லூர்தஸ் அக்காவிடம் முழுவதையும் சொன்னேன். அழுவார், குறைந்தது கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். எத்தனை கருவாடு பொரித்தாய் என்று கேட்டார். ஒன்று என்றேன். ஒரு பெண்ணை இழக்கிற அளவுக்கு வந்தபிறகு ஒன்று என்ன, ஆறையும் பொரித்திருக்க வேண்டியதுதானே என்று திட்டினார்.

எனக்குப் பிறகு கல்யாணம் நடந்தது. எட்டாவது வீட்டார் வருவதற்கு முன் அத்தானே அவர்களிடம் கருவாட்டு விஷயத்தைச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டார்.

அக்காவின் மகள் இந்தச் சம்பவத்துக்கு இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். ஆனாலும் அந்த அறையில் நடுவில் உட்கார்ந்து பார்த்தவள் போலக் கதை சொல்லுவாள். அவளுக்குப் பதினெட்டு வயதில், கார் ஓட்டப் பழகிய புதிதில், ஒருநாள் அத்தான் வெளியே போய்ப் பார்த்தால், புதுக் காரின் ஒரு பக்கம் முழுவதும் கோடு. யாரோ ரோட்டால் போன நாசமாய்ப் போவான் உரசிவிட்டான் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த பெடியன்களாய்த்தான் இருக்கும் என்று அவர்களிடம் கேட்கக் கிளம்பினார். இவள் படியிறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அப்பா, அவங்களிட்டைப் போகாதேங்கோ," என்றாள். "அது என்ரை கருவாடு."

அத்தான் பக்கத்து வீட்டுப் பக்கம் வைத்த காலைத் திருப்பி எடுத்தார். பிறகு திரும்பி, ஒன்றும் தெரியாதவன் போலத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த என்னை முறைத்தார். இன்றுவரை அந்த வீட்டில் யார் எதை உடைத்தாலும் ஏச்சு எனக்குத்தான்.