தலப்பாக்குள்ள இருக்கிய பக்தி

ஆமாக்கா, வீடியோ கால்லயும் ஏன்லே தலப்பாவோட வாறன்னு கேட்டேல்லா, போன்ல சொல்ல நாணமா இருந்துது. அதான் எழுதி, குவைத்துக்கு வாற ஸ்மைலின் அண்ணன்கிட்ட ஏத்தங்கா சிப்ஸுக்குள்ள வச்சு குடுத்து விடுதேன். அஸ்வதி அக்காளுக்கு தம்பி வினோஜ் எழுதுனது. அத்தானுக்கு சுகம்தானே? அவருகிட்ட இத காட்டாத, சிரிப்பாரு.

நீ நர்சு, டாக்டரைப் பாக்காம தலையில ஒண்ணும் போடாதலேன்னு சொன்ன. நான் கேட்டனா? மார்த்தாண்டத்துல போயி முடி முளைக்கிய லோஷன் வாங்குனேன். எவனும் பாத்திரப்பிடாதுன்னு கடைக்குள்ளயும் ஹெல்மெட்டைக் கழட்டல. சொட்டுச் சொட்டா போடணும்னு பாட்டில்ல எழுதியிருந்துது, எனக்கு எங்க பொறுமை, தேங்காண்ண மாதிரி உள்ளங்கையில ஊத்தித் தேச்சேன். இருந்த முடியும் கொட்டிப்போச்சு, வழிஞ்ச நெத்தியில பூனமுடி முளைச்சிருக்கு! இந்தத் தலைய எங்க கொண்டு ஒளிக்க? அப்பந்தான் நம்ம அய்யாவழிக்காரங்க கும்பிடுய நிழல்தாங்கல் நெனப்பு வந்துது. ஆம்பளைய தலப்பா கட்டாம கும்பிடப்பிடாதுல்லா. நீட்டமா நாமம் போட்டா நெத்தி முடியும் மறைஞ்சிரும். காலைலயும் அந்திக்கும் போனேன். அங்க பள்ளியறையில சிலைக்குப் பதிலா கண்ணாடியில்லா வச்சிருக்காவ, கும்பிட நின்னா எனக்க மூஞ்சிதான் தெரியுது. தலப்பா சரிஞ்சிருக்கா, ஒரு முடியாவது வந்திருக்கான்னு அதயே பாத்துகிட்டு நின்னு ஒருநா கண்ணு நெறஞ்சுபோச்சு. பக்கத்துல நின்ன வைகுண்டமணி மாமா தோள்ல கைய வச்சாரு. "மக்கா, இந்தக் காலத்துல எந்தப் பய இப்படி அய்யா முன்னால உருகி நிப்பான்?"

பாலிடெக்னிக்கைப் பாதில விட்டப்பகூட இப்படிக் கூசலக்கா. அவருக்க மக ஜினிஷாவ எனக்குத் தாறாராம். இன்னைக்கு வீடு பாக்க வாறாவ. அம்ம, "ஏலே, வீட்டுக்குள்ள என்னலே தலப்பா? அவுத்துப் போடு"ங்கா. நீ போன் பண்ணி, அவன் குவைத்துக்கு வாறான், கல்யாணம் இப்பம் வேண்டாம்னு சொல்லிரு. இது உனக்க கைல கிடைக்கியதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும், தெரியும். இருந்தாலும் எழுதுதேன்.

அய்யா உன்னையும் அத்தானையும் காக்கட்டும். எனக்குன்னு கேக்க மொகமில்ல.

பி.கு.: மேல உள்ளத விடு. ஜினிஷா மெசேஜ் அனுப்பியிருக்கா. "நீங்க லோஷன் வாங்குன கடையிலதான் நான் வேலைக்கு நிக்கேன். பில்லுக்கு ஹெல்மெட்டுக்குள்ள இருந்தே பேரும் நம்பரும் சொன்னீங்கல்லா. எப்பமும் தலப்பாவோட நிக்கீங்கன்னு அப்பா சொன்னப்பவே புரிஞ்சுது. மொதல்ல கொட்டத்தான் செய்யும், ஆனா சொட்டுச் சொட்டாத்தான் போடணும், ஊத்தப்பிடாது, டாக்டரைப் பாருங்க. அப்பாட்ட நான் சொல்லல. அத நீங்கதான் சொல்லணும்."

வாசல்ல மாமாவுக்க வண்டிச் சத்தம். தலப்பாவ அவுக்குதேன்க்கா. போணும்.